புனித டைட்டஸ் பிராண்ட்ஸ்மா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே 15 அன்று வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில் நம் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டதைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று திருத்தந்தை பிரான்சிஸ் 10 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களில் மறைசாட்சிகள் என்ற தகுதியில் அறிவிக்கப்பட்டவர்கள் இருவர்தான். ஒருவர் தேவசகாயம். அவருடைய பெயருக்கு முன்னால் பட்டியலில் முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா. நம் கண்ணெல்லாம் தேவசகாயத்தின் மேல் இருந்ததால் பக்கத்தில் நின்ற இந்த மனிதரை நாம் சரியாகப் பார்க்கவில்லை. மறைக்கல்வி வகுப்புகளிலும் இளைஞர் கூட்டங்களிலும் அவரைப் பற்றி எழுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இவர்?

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கார்மேல் சபைக் குரு, தத்துவப் பேராசிரியர், பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர். நாசி ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் கத்தோலிக்கப் பத்திரிகைகளுக்கும் துணையாக நின்றதற்காகக் கைது செய்யப்பட்டார். 1942 ஜூலை 26 அன்று ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 61.

எந்த மாதிரியான குடும்பத்தில் பிறந்தார்?

1881 பிப்ரவரி 23 அன்று, நெதர்லாந்தின் வடக்கே உள்ள பிரீஸ்லாந்து மாநிலத்தில், போல்ஸ்வார்ட் என்ற ஊருக்கு அருகில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் அன்னோ. அன்றைய பிரீஸ்லாந்து சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதி. கத்தோலிக்கர் அங்கே சிறுபான்மையினர். சுற்றிலும் வேறு சபையினர் வாழும் ஊரில் தன் விசுவாசத்தை மறைக்காமலும் அடுத்தவரைப் பகைக்காமலும் வளர்வது எப்படி என்பதை அந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக அவர் அவ்வளவு உழைத்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

வீட்டில் ஆறு பிள்ளைகள். அவர்களில் ஐந்து பேர் துறவற வாழ்வுக்குப் போனார்கள். அவருடைய தம்பி பிரான்சிஸ்கன் சபையில் குருவானார். அன்னோவும் முதலில் பிரான்சிஸ்கன் சபையினர் நடத்திய பள்ளியில்தான் படித்தார். ஆனால் உடம்பு மிகவும் பலவீனம். குடல் நோய் சிறு வயதிலிருந்தே அவரை விடவில்லை, கடைசிவரைக்கும் விடவில்லை. 1898 செப்டம்பரில் பாக்ஸ்மீர் ஊரிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே தன் தந்தையின் பெயரான டைட்டஸ் என்பதையே துறவறப் பெயராக எடுத்துக்கொண்டார். நம் விவிலியத்தில் தீத்து என்று வரும் அதே பெயர்தான்.

1905 ஜூன் 17 அன்று குருப்பட்டம் பெற்றார். பிறகு உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் படித்து 1909-ல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

கார்மேல் சபை என்றால் நம் ஊரில் இருக்கும் அதே சபையா?

கிட்டத்தட்ட. கார்மேல் சபைக்கு இரண்டு கிளைகள் உண்டு. அவிலா நகரப் புனித தெரசாள் 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தம் செய்து உருவாக்கிய கிளை இந்தியாவில் அதிகம் அறியப்பட்டது. டைட்டஸ் அதற்கு முந்தைய பழைய கிளையைச் சேர்ந்தவர். அப்படியிருந்தும் தெரசாள் மீது அவருக்கு இருந்த பற்று அளவிட முடியாதது. அவரது நூல்களை டச்சு மொழியில் கொண்டுவருவதில் வருடக்கணக்காக உழைத்தார். சிறை அறையிலும் அவர் எழுத எடுத்துக்கொண்ட பொருள் தெரசாளின் வாழ்க்கைதான்.

ஆசிரியராக எங்கே, என்ன கற்பித்தார்?

உரோமையிலிருந்து திரும்பியதும் ஓஸ் என்ற ஊரின் கார்மேல் மடத்தில் குருமாணவர்களுக்குத் தத்துவம் கற்பித்தார். வகுப்போடு நிற்கும் ஆள் அல்ல அவர். அந்த ஊருக்கு ஒரு நூலகமும் மேல்நிலைப் பள்ளியும் வருவதற்குப் பாடுபட்டார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு 1919-ல் ஆசிரியரானார். இன்றைக்கும் ஓஸ் நகரில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இருக்கிறது.

1923 அக்டோபரில் நைமேகன் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நெதர்லாந்துக் கத்தோலிக்கர் தங்களுக்கென்று முதன்முதலாகக் கட்டியெழுப்பிய பல்கலைக்கழகம் அது. இன்று ராட்பவுட் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. தொடக்கத்திலேயே டைட்டஸ் அங்கே பேராசிரியராகச் சேர்ந்தார். தத்துவமும், ஞானத்தியான மரபின் வரலாறும் அவருடைய பாடங்கள். இறைவனோடு ஒன்றித்த அனுபவத்தை எழுதிவைத்த இடைக்கால டச்சு ஞானிகளின் கையெழுத்துப் பிரதிகள் ஐரோப்பாவின் பல நூலகங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித்தேடிப் படமெடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளின் நிழற்படத் தொகுப்பை உருவாக்கினார். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த உழைப்பின் அருமை சொல்லாமலே புரியும்.

1932-33 கல்வியாண்டில் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பான ரெக்டர் பதவி அவருக்கு வந்தது. பதவியேற்ற ஆண்டில் அவர் ஆற்றிய உரையின் பொருள் ‘கடவுள் பற்றிய கருத்து’. இன்றைய மனிதனுக்குக் கடவுளின் முகம் ஏன் இவ்வளவு மங்கிப்போனது என்று அதில் கேட்டார். அறிவாளிகள் நிறைந்த அவையில், கடவுளை நம்பாதவர்களைத் திட்டாமல், கடவுளைப் பற்றிப் பேசும் நாம் காலத்துக்கு ஏற்ற மொழியில் பேசுகிறோமா என்று தன் பக்கத்தாரையே கேட்டார். அவர் எத்தகைய ஆசிரியர் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

எந்நேரமும் செபத்திலும் படிப்பிலும் மூழ்கியவரா?

அவருடைய வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். வகுப்பு, பத்திரிகைக் கட்டுரை, கலைக்களஞ்சியப் பணி, பள்ளிகளின் கூட்டமைப்பு, கீழைத் திருச்சபைகளோடு ஒன்றிப்பு, மாதா விழாக்கள் என்று ரயிலில்தான் பாதி வாழ்க்கை ஓடியது. தாய்மொழியான பிரிசிய மொழி மேல் தனிப் பாசம். டச்சு மொழியின் நிழலில் ஒதுங்கிப்போன அந்த மொழி பள்ளியிலும் வழிபாட்டிலும் மதிப்போடு இருக்க வேண்டும் என்று வாதாடியவர். மறைபரப்பாளரான புனித போனிபாஸ் கொல்லப்பட்ட டோக்கம் என்ற பிரீஸ்லாந்து ஊரைத் திருப்பயணத் தலமாக்க முன்னின்றவரும் அவர்தான்.

1935-ல் அமெரிக்காவுக்குப் போய்க் கார்மேல் ஆன்மிகம் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அதற்கு முன்னால் ஆங்கிலத்தைச் செப்பனிட்டுக்கொள்ள அயர்லாந்தில் தங்கினார். ஐம்பதைத் தாண்டிய பேராசிரியர் மாணவனாக உட்கார்ந்து மொழி படித்தார். அமெரிக்கப் பயணத்தில் நயாகரா அருவியைப் பார்த்து அவர் எழுதிய குறிப்பில், விழும் நீரின் அழகில் இறைவனின் கையைக் காண்கிறார்.

சுருட்டும் புகைக்குழாயும் அவருக்குப் பிடிக்கும். புனிதர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் படத்துக்குள் அவர் முழுதாக அடங்கமாட்டார். அவரை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாசிகளை எப்போது எதிர்க்கத் தொடங்கினார்?

போருக்கு வெகு முன்பே. ஜெர்மனியில் யூதர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து 1930-களின் நடுவில் நெதர்லாந்து அறிஞர்கள் பலர் எழுதிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் அவரும் எழுதினார். வலிமையைக் காட்டுவதாக நினைத்து நாசிகள் செய்வது உண்மையில் பலவீனத்தின் அறிகுறி என்பது அவர் வாதம். ஜெர்மன் பத்திரிகைகள் அவரைத் தாக்கி எழுதின. பல்கலைக்கழகத்திலும் நாசிக் கொள்கையை எடுத்துவைத்து, அது எங்கே மனிதனின் மாண்பை மறுக்கிறது என்று மாணவர்களுக்கு விளக்கினார். கோஷம் போடுவது அவர் வழக்கமில்லை. எதிராளியின் கொள்கையை முதலில் புரிந்துகொண்டு, பிறகு அது எங்கே தவறுகிறது என்று வரிவரியாகக் காட்டுவார்.

1939 ஜூலையில் ஆற்றிய உரை ஒன்றில், புதிய புறச்சமயம் ஒன்று எழுந்து அன்பைப் பலவீனம் என்று ஏளனம் செய்கிறது, ஆனாலும் நாம் அதை அன்பாலேயே வெல்வோம் என்று சொன்னார். அடுத்த ஆண்டு மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது.

பள்ளிகள் விஷயத்தில் என்ன நடந்தது?

டைட்டஸ் அப்போது கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிகளின் கூட்டமைப்புக்குத் தலைவர். ஆக்கிரமிப்பு அரசு துறவியரான ஆசிரியர்களின் சம்பளத்தைக் கணிசமாகக் குறைத்தது. 1941-ல் யூத மாணவர்களைப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றும்படி ஆணையிட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளும் இதில் அடக்கம். பிறப்பைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் கத்தோலிக்கப் பள்ளி வெளியே தள்ளாது என்று டைட்டஸ் நின்றார். ஹேக் நகரில் அதிகாரிகளிடம் நேரில் போய் வாதாடினார். பெயர்ப் பதிவேட்டிலிருந்து ஒரு பிள்ளையின் பெயரை அடிப்பதைச் சின்ன நிர்வாகக் காரியமாகப் பார்த்துக் கையெழுத்திட்டவர்கள் அந்நாளில் ஏராளம். இவர் அதை அப்படிப் பார்க்கவில்லை.

கைதுக்கு நேரடிக் காரணம் எது?

பத்திரிகை விவகாரம். சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் நாசிகளுக்கு உள்நாட்டுக் கூட்டாளியாக ஒரு கட்சி இருந்தது. ஆன்டன் முசெர்ட் தலைமையிலான தேசிய சோசலிச இயக்கம் அது. கத்தோலிக்க ஆயர்கள் இந்தக் கட்சியில் சேருவதைத் தடைசெய்து, தொடர்ந்து ஆதரிப்பவர்களுக்கு அருளடையாளங்கள் கிடையாது என்று 1941 ஜனவரியில் அறிவித்தார்கள். அப்படியிருக்க, அந்தக் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகளும் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று 1941 டிசம்பரில் உத்தரவு வந்தது.

டைட்டஸ் 1935 முதல் கத்தோலிக்கப் பத்திரிகையாளர் சங்கத்தின் ஆன்மிக ஆலோசகர். உட்ரெக்ட் பேராயர் யோஹன்னஸ் டி யோங்கிடம் கலந்து பேசினார். பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் எல்லைக்கு வந்துவிட்டோம், கத்தோலிக்கப் பத்திரிகை என்ற தன்மையைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்த விளம்பரங்களை மறுத்தே ஆக வேண்டும், அபராதமோ பத்திரிகையை மூடுவதோ நேர்ந்தாலும் சரி என்பது அதன் சாரம். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. புத்தாண்டுப் பனியில், நோயாளி உடம்போடு, ரயிலேறி ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். மறுப்பதால் வேலையும் வருமானமும் போகப்போவது அவர்களுக்குத்தான். அந்த முடிவைக் காகிதத்தில் கேட்பது நியாயமில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தின் ஆபத்து பேராயருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பயணம் முடிவதற்குள் ரகசியப் போலீசுக்குத் தகவல் போய்விட்டது. 1942 ஜனவரி 19 திங்கள்கிழமை மாலை, நைமேகன் கார்மேல் மடத்தில் அவரைக் கைது செய்தார்கள்.

விசாரணையில் என்ன சொன்னார்?

மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஸ்கேவெனிங்கன் சிறையில் ஹார்டேகன் என்ற ஜெர்மன் அதிகாரி விசாரித்தார். செய்தது தானே என்றும், ஆயர்களின் நிலைப்பாடே தன் நிலைப்பாடு என்றும் டைட்டஸ் ஒப்புக்கொண்டார். டச்சு மக்கள், குறிப்பாகக் கத்தோலிக்கர், முசெர்ட்டின் கட்சியை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித்தரும்படி அந்த அதிகாரி கேட்டார். பேராசிரியருக்கு இதைவிடப் பழக்கமான வேலை உண்டா? காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். கடைசியில், நெதர்லாந்தையும் ஜெர்மனியையும் கடவுள் ஆசீர்வதிக்கட்டும், இரு நாடுகளும் விரைவில் சமாதானமாக அருகருகே நிற்கட்டும் என்று எழுதி முடித்தார். தன்னை அடைத்துவைத்திருக்கும் நாட்டுக்கு ஆசீர் கேட்ட அந்தத் தாள், அவரை ஆபத்தானவர் என்று தீர்மானிக்க விசாரணை அதிகாரிக்குத் துணையானது. போர் முடியும்வரை இவரை வெளியே விடக்கூடாது என்பது முடிவு.

சிறையில் எப்படி இருந்தார்?

ஸ்கேவெனிங்கனில் அறை எண் 577. தனிமைச் சிறை. ஆனால் அங்கே அவர் எழுதிய குறிப்புகளைப் படித்தால் புலம்பலே தென்படாது. ஒரு கார்மேல் துறவிக்கு அறை என்றால் செபிக்கும் இடம். அதைப் போலீஸ் பூட்டினால் என்ன, மடத்துத் தலைவர் கொடுத்தால் என்ன என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். செபப் புத்தகத்தில் இருந்த படங்களை மேசைமேல் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டார்: ஆண்டவர், தெரசாள், சிலுவை அருளப்பர். நாளை மணிக்கணக்கில் பிரித்து, செபத்துக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, எழுத்துக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொண்டார். திருப்பலி கிடையாது, நற்கருணை கிடையாது. அந்தக் குறையில் நற்கருணைப் பாடலை மெல்லிய குரலில் தனக்குத்தானே பாடிக்கொள்வார். புகைக்குழாயும் புகையிலையும் பறிக்கப்பட்டதையும் குறித்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி நடுவில் இயேசுவின் படத்தைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். துன்பம் தனக்கு இனிமையாகிவிட்டது, தனிமை பயமுறுத்தவில்லை, நீர் என்னோடு இரும் என்று வேண்டும் அந்தச் சிறு கவிதை இன்று பல மொழிகளில் செபிக்கப்படுகிறது. தெரசாளின் வரலாற்றை எழுதத் தொடங்கித் தாள் தீர்ந்துபோனபோது, கையிலிருந்த அச்சிட்ட புத்தகத்தின் வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் தொடர்ந்து எழுதினார். டோக்கம் தலத்துக்கான சிலுவைப்பாதைச் சிந்தனைகளும் அந்த அறையில் எழுதியவைதான். 61-வது பிறந்தநாளும் அங்கேயே கழிந்தது.

ஆமர்ஸ்ஃபோர்ட் முகாமில் அவர் கொடுத்த விரிவுரை பற்றிச் சொல்கிறார்களே?

மார்ச் மாதம் அவரை ஆமர்ஸ்ஃபோர்ட் முகாமுக்கு மாற்றினார்கள். குளிர், பசி, வயிற்றுப்போக்கு. ஆன்மிகப் பணிக்கு அங்கே தடை. ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. அன்று மாலை கைதிகள் கூடியிருந்த குடிலில் டைட்டஸ் எழுந்து பேசினார். மறையுரை என்றால் தண்டனை; அதனால் ஹேர்ட் குரோட்டே என்ற 14-ஆம் நூற்றாண்டு டச்சு ஞானியைப் பற்றிய வரலாற்று விரிவுரையாக அது அமைந்தது. அந்த ஞானி ஆண்டவரின் பாடுகளை எப்படித் தியானித்தார் என்று ஆரம்பித்து, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பாடுகளையும் அதில் காணும்படி பேசிக்கொண்டே போனார். கேட்டவர்களில் சீர்திருத்தச் சபையினரும் மத நம்பிக்கை இல்லாதவர்களும் இருந்தார்கள். உயிர்பிழைத்தவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் அதை நினைவுகூர்ந்தார்கள்.

அவருடைய வாழ்வில் ஒரு மணிநேரத்தை மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு வரம் கிடைத்தால், ரெக்டர் உரையை விட்டுவிட்டு இந்த விரிவுரைக்குத்தான் போவேன்.

தப்பிக்க வழியே இல்லையா? அவரே மறைசாட்சியாக விரும்பினாரா?

இந்தக் கேள்வியை இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள், நல்ல கேள்வி. அவர் சாவைத் தேடிப் போகவில்லை. மே மாதம் ஜெர்மன் எல்லையோரத்துக் கிளேவே சிறைக்குக் கொண்டுபோனபோது, தன் உடல்நிலையைச் சொல்லி, வதைமுகாமுக்குப் பதிலாக ஜெர்மனியிலேயே ஏதாவதொரு மடத்தில் தன்னைக் காவலில் வைக்கும்படி விண்ணப்பம் எழுதினார். மறுத்துவிட்டார்கள். உயிரைக் காத்துக்கொள்ள நேர்மையான வழி இருந்தவரை அதை முயன்றார். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவது மட்டும் அவரால் முடியாத காரியமாக இருந்தது. திருச்சபை மரபும் இதைத்தான் கற்பிக்கிறது: சாவை வலிந்து வரவழைப்பவர் மறைசாட்சி ஆவதில்லை.

டாக்காவில் என்ன நடந்தது?

1942 ஜூன் 19 அன்று அங்கே போய்ச் சேர்ந்தார். கைதி எண் 30492. டாக்காவ் முகாமில் நாசிகள் மொத்தம் 2,720 குருக்களையும் பிற சபைப் போதகர்களையும் அடைத்தார்கள்; பெரும்பாலோர் போலந்துக் கத்தோலிக்கக் குருக்கள். அவர்களில் 1,034 பேர் அங்கேயே இறந்தார்கள். டைட்டஸ் இருந்தது 28-ஆம் குடில். மரக்கட்டைச் செருப்பு காலைப் புண்ணாக்க, நாள் முழுவதும் தோட்ட வேலை. காவலாளிகளின் அடி அன்றாடம்.

அங்கே சகோதரர் ரஃபேல் டைஹவுஸ் என்ற டச்சுக் கார்மேல் துறவியும் கைதியாக இருந்தார். அவர் வழியாகத்தான் நமக்குப் பல விவரங்கள் கிடைத்தன. ஜெர்மன் குருக்களின் குடிலிலிருந்து நற்கருணை ரகசியமாக இங்கே கொண்டுவரப்படும். ஒருநாள் டைட்டஸ் நற்கருணையைத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அன்றைக்கும் அடி விழுந்தது. கீழே விழுந்தபோதும் கையை உடம்போடு சேர்த்து அழுத்தி, அந்தக் கூட்டை நழுவவிடாமல் காத்தார். அன்றிரவு அவர் படுக்கையில் நற்கருணைக்கு விழிப்பு வழிபாடு.

ஜூலை 12 அன்று வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தான் நலமாக இருப்பதாகவும், புதிய சூழ்நிலைக்குக் கடவுள் துணையால் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். சில நாட்களிலேயே முகாமின் நோயாளிக் குடிலுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே கைதிகளின் உடம்பில் மருத்துவச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. ஜூலை 26 ஞாயிறு, பிற்பகல் 2 மணியளவில், கார்பாலிக் அமிலம் ஏற்றப்பட்டு இறந்தார்.

ஊசி போட்ட செவிலியே பிறகு சாட்சி சொன்னாராமே?

ஆம். கத்தோலிக்கராக வளர்ந்து விசுவாசத்தை விட்டுவிட்ட பெண் அவர். புனிதர்பட்ட விசாரணையில் அவருடைய பெயர் மறைக்கப்பட்டது. அந்த அம்மையார் சொன்னபடி, டைட்டஸ் அவரைக் கடிந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை, இரக்கத்தோடுதான் பார்த்தார். தன் செபமாலையை அவரிடம் கொடுத்தார். எனக்குச் செபிக்கத் தெரியாது, இது எனக்கு எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார். முழுவதும் சொல்ல வராவிட்டாலும், பாவிகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற பகுதியையாவது சொல்லலாமே என்றார் டைட்டஸ். பின்னாளில் அந்தப் பெண் விசுவாசத்துக்குத் திரும்பினார். பள்ளி வாசல் வரைக்கும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம், முதல் எழுத்தையாவது எழுதிக் காட்டு என்று கேட்கும் வாத்தியாரைத்தான் இங்கே பார்க்கிறேன். சாகப்போகும் நேரத்திலும் அவருடைய தொழில் அவரை விட்டுப் போகவில்லை.

அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டவரை மறைசாட்சி என்பது சரியா?

அவர் எந்தக் கட்சியிலும் இல்லை, ஆயுதம் எடுக்கவும் இல்லை. எதிர்த்த இரண்டு விஷயங்களையும் பாருங்கள்: கத்தோலிக்கப் பள்ளி யாரைச் சேர்க்கலாம், கத்தோலிக்கப் பத்திரிகை எதை அச்சிடலாம். இரண்டிலும் அவர் ஆயர்களின் சார்பில், விசுவாசத்தின் பெயரால் பேசினார். நாசிகளும் அதை அப்படியே புரிந்துகொண்டுதான் தண்டித்தார்கள். திருச்சபை இதை நுணுகி ஆராய்ந்த பிறகே, விசுவாசத்தின் மீதான வெறுப்பால் கொல்லப்பட்டவர் என்று ஏற்றது. 1985 நவம்பர் 3 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமை (அற்புதம்), அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பரவிய நிலையிலிருந்த தோல் புற்றுநோயிலிருந்து ஒரு கார்மேல் குரு குணமானது.

எடித் ஸ்டெயினுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

டைட்டஸ் இறந்த அதே ஜூலை 26 ஞாயிறன்று, யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்து டச்சு ஆயர்கள் எழுதிய சுற்றுமடல் நெதர்லாந்துக் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, ஆகஸ்ட் 2 அன்று யூத வம்சத்தில் பிறந்த கத்தோலிக்கர்களை நாசிகள் கைது செய்தார்கள். நெதர்லாந்தின் எக்ட் கார்மேல் மடத்திலிருந்த எடித் ஸ்டெயின் அவர்களில் ஒருவர். ஆகஸ்ட் 9 அன்று அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரு தத்துவ ஆசிரியர்கள், இருவரும் கார்மேல் சபையினர், இரண்டு வார இடைவெளி.

தேவசகாயத்தோடு ஒரே நாளில் புனிதரானது தவிர வேறு ஒற்றுமை உண்டா?

காலமும் இடமும் வெவ்வேறு. 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் சிறைப்பட்ட டி லன்னாய் வழியாகத்தான் யோபுவின் கதையைக் கேட்டு, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். டி லன்னாய் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராக வந்தவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்டார். டச்சுக் கொடியின் கீழ் வந்த ஒருவர் நம் மண்ணில் சொன்ன வேதாகமக் கதைக்குக் காதுகொடுத்தவரும், டச்சு மண்ணிலேயே பிறந்த குருவும் ஒரே பலிபீடத்தின் முன் ஒன்றாக உயர்த்தப்பட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

திருவிழா எப்போது? கல்லறை எங்கே?

திருவிழா ஜூலை 27. கல்லறை கிடையாது, உடல் முகாமிலேயே எரிக்கப்பட்டது. நைமேகனில் அவருக்கு நினைவுக் கோவிலும், அவர் பெயரில் ஆன்மிக ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. 2005-ல் அந்நகரத்தார் தங்கள் ஊரின் வரலாற்றிலேயே பெரிய மனிதராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டோக்கம் போகிறவர்கள் சிலுவைப்பாதையை அவருடைய சிறைச் சிந்தனைகளோடு செபிக்கலாம். டாக்காவ் முகாமை ஒட்டி 1964 முதல் ஒரு கார்மேல் கன்னியர் மடம் இருக்கிறது.

பத்திரிகையாளர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டாரா?

அந்தப் பதவி 1923 முதல் புனித பிரான்சிஸ் சலேசியாரிடம் இருக்கிறது. அவரோடு டைட்டஸையும் சேர்க்க வேண்டும் என்று 2022-ல் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் திருத்தந்தைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கோரிக்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சலேசியார் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கதவுக்கடியில் துண்டுப் பிரசுரம் செருகி விசுவாசத்தை விளக்கியவர். அவருக்கு உரிய மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அச்சுக்கூடம், விளம்பர வருமானம், அரசின் மிரட்டல், ஊழியர்களின் சம்பளம் என்று இன்றைய பத்திரிகை ஆசிரியர் ஒருவர் சிக்கித் தவிக்கும் அத்தனையும் டைட்டஸ் ரயிலேறிப் போய்ப் பேசிய விஷயங்கள். ஒரு விளம்பரத்தை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இரவில் வேண்டிக்கொள்ள, இவரைவிடப் பொருத்தமான புனிதர் எனக்குத் தெரியவில்லை.